காபி விலை: வணிகத் தொலைக்காட்சியா, மாவட்டப் பக்கமா?

உலகமயமாக்கலை ஊடகங்கள் எப்படிக் காட்டுகின்றன என்று பார்க்க, சேலம் மாவட்டத்தில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் காபியை எடுத்துக்கொள்ளலாம்.

வணிகத் தொலைக்காட்சிக்கு அது வெறும் எண். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா என்ற காபி வகையின் விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது; பிரேசில் வறட்சி முக்கியக் காரணம். ஏற்காட்டில் விளைவதும் பெரும்பாலும் அராபிகாதான் என்பதால் இந்தத் தகவல் நமக்குத் தேவை. ஆனால் பழம் பறிக்கும் பெண்ணின் கூலி அந்தத் திரையில் வராது. விலை ஏறினால் யாருக்கு லாபம் என்ற கேள்வியும் கிடையாது.

நாளிதழின் சேலம் பக்கம் நேர்மாறு. ஆள் பற்றாக்குறை, காட்டெருமைத் தொல்லை, தவறிய மழை எல்லாம் வரும். மலைக்காரர்களே பேசுவார்கள். சரி, விலை விழும் காலத்தில், அது ஏன் விழுந்தது என்று சொல்வார்களா? ‘விவசாயிகள் கவலை’ என்பதோடு செய்தி முடிந்துவிடும். எந்த நாடு எவ்வளவு காபி ஏற்றுமதி செய்யலாம் என்று வரையறுத்து விலையைத் தாங்கிப் பிடித்த சர்வதேச காபி ஒப்பந்தத்தின் ஒதுக்கீடு முறை 1989இல் முறிந்தது. விவசாயிகள் அரசின் காபி வாரியத்திடமே விற்க வேண்டும் என்ற கட்டாயக் கொள்முதலும் 1990களில் முடிவுக்கு வந்து, சிறு விவசாயி நேரே உலகச் சந்தையின் முன் நிற்க நேர்ந்தது. இதையெல்லாம் சொல்லாவிட்டால், விலைச் சரிவும் மழை பொய்ப்பதுபோல இயற்கையின் வேலை என்றே வாசகர் நினைப்பார். இவை மனிதர்கள் எடுத்த முடிவுகள். அதை மறைப்பது பெரிய அநியாயம்.

இரண்டில் ஒன்று என்றால் நான் மாவட்டப் பக்கத்தையே எடுப்பேன். அங்கே நிருபர் மலையேறிப் போகிறார். அவருக்கு இன்னொரு பத்தி இடம் கொடுத்து, நியூயார்க் விலையையும் அதே பக்கத்தில் அச்சிடட்டும்.