ஊரடங்கில் கைகொடுப்பது கறவை மாடா, வெள்ளாடா?

2020 மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது, மதுரை மாவட்டத்துத் திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர்களில் கால்நடை வைத்திருந்தோரின் அன்றாடம் ஒரே நாளில் மாறியது. மாடு வாங்குவதா ஆடு வாங்குவதா என்று தயங்குவோர் அந்த நாட்களை நினைத்துப் பார்க்கலாம்.

வருமானம்
மாடு: டீக்கடைகள் மூடியதும் அங்கே ஊற்றிய பாலுக்குப் போக்கிடம் இல்லை, கறக்காமல் விட்டால் மடிநோய் வரும் என்பதால், விற்றாலும் விற்காவிட்டாலும் இருவேளையும் கறந்தே ஆகவேண்டும். எங்கள் வீட்டில் மிஞ்சியதை உறையூற்றி, வெண்ணெய் கடைந்து, முருங்கையிலை போட்டு நெய்யாக உருக்கினோம்.
ஆடு: சந்தை கூடாவிட்டால் காசு இல்லை. ஆனால் கிடா காத்திருக்கும், எடையும் ஏறும்.

தீவனம்
மாடு: புண்ணாக்கு, தவிடு, வைக்கோல், பெரும்பாலும் விலைக்கு.
ஆடு: வேலியோரத் தழையும் கருவேல நெற்றும்.

ஆள்
மாடு: கறப்பவர் காய்ச்சலில் தனித்துப் படுத்துவிட்டால், புதுக் கைக்கு மாடு எளிதில் பால் விடாது.
ஆடு: பக்கத்து வீட்டார் தம் ஆடுகளோடு ஓட்டிக்கொண்டு போவார்கள்.

கூட்டுறவுப் பால் சங்கம் நடந்துபோகும் தூரத்தில் இருந்து, கறக்கத் தெரிந்தவர் வீட்டில் இருவர் இருந்தால் மாடே மேல். மேய்ச்சல் நிலம் மட்டுமே உள்ள சிறு குடும்பத்துக்கு நான்கைந்து வெள்ளாடுகள் போதும்.