5 யூனிட் லித்தியம் பேட்டரி: சோலார் வீட்டுக்கு வாங்கலாமா?

சோலார் பெருகப் பெருக மின்கட்டமைப்புக்குச் சிக்கல் வருவது மாலையில்தான். நண்பகலில் உற்பத்தி மிஞ்சிப் போகிறது. வெயில் இறங்கும்போது வீடுகளின் தேவை ஏறுகிறது. அந்த இடைவெளியைப் பெரும்பாலும் நிலக்கரியும் எரிவாயுவும்தான் அடைக்கின்றன. அதில் ஒரு வீட்டின் பங்கைக் குறைக்க வந்திருப்பதுதான் 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. எந்த நிறுவனப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றே: 3.2 வோல்ட் செல்கள் 16 தொடராக, அவற்றைக் காக்க ஒரு பிஎம்எஸ், அதாவது செல்களைக் கண்காணித்து ஆபத்து வந்தால் துண்டிக்கும் மின்னணுப் பலகை. தாராளமாக வாங்கலாம். ஆனால் நல்ல பேட்டரியையும் தவறான செட்டிங் வீணாக்கிவிடும்.

பெட்டியில் 5.12 யூனிட் (கிலோவாட்-மணி) என்றிருக்கும். அதில் 90 சதவீதத்தைப் பயன்படுத்தினால் 4.6. இன்வெர்ட்டர் இழப்பு போக சுமார் 4.3 யூனிட் கைக்கு வரும். இன்வெர்ட்டர் தன் ஓட்டத்துக்கே 50 வாட் இழுத்தால் 14 மணி நேர இரவில் இன்னும் 0.7 யூனிட் போய்விடும். இந்த எண்ணை விளம்பரத்தில் காண்பது அரிது. டேட்டா ஷீட்டில் தேடிப் பாருங்கள்.

6,000 சைக்கிள் (ஒருமுறை ஏற்றி இறக்குவது ஒரு சைக்கிள்) என்ற வாக்குறுதியைப் பார்த்து மட்டும் வாங்க வேண்டாம். அது பெரும்பாலும் 25 டிகிரியில், மிதமான கரண்டில் சோதித்த கணக்கு. மூடிய, வெப்பமான அறையில் செல் விரைவில் மூப்படையும். முதலில் பார்க்க வேண்டியது பிஎம்எஸ் உங்கள் இன்வெர்ட்டரோடு கேன் அல்லது ஆர்எஸ்485 என்ற தகவல் இணைப்பு வழியாகப் பேசுமா என்பது. இந்த வகை செல்லில் சார்ஜ் நடுப்பகுதியில் இருக்கும்போது வோல்டேஜ் ஏறக்குறைய அசையாது. அதனால் வோல்டேஜை வைத்து இன்வெர்ட்டர் காட்டும் சதவீதத்தை நம்ப முடியாது; 40 என்று காட்டிக்கொண்டே இருந்துவிட்டு திடீரென்று அணையும்.

இரண்டும் பேசாவிட்டால் கையால் அமைக்க வேண்டும்: சார்ஜ் 56 வோல்ட், ஃப்ளோட் (நிரம்பிய பின் தாங்கி நிற்கும் அளவு) 54, கட் ஆஃப் (இறங்கியதும் நிறுத்தும் அளவு) 48. லெட் ஆசிட் பேட்டரிக்கான ஈக்வலைஸ் வசதியைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அது வோல்டேஜை 58-60 வரை ஏற்றும்; ஒரு செல் 3.65 வோல்ட்டைத் தாண்டியதுமே பிஎம்எஸ் மொத்தப் பெட்டியையும் துண்டித்துவிடும். புதுப் பெட்டியில் 56 வோல்ட்டுக்கு முன்பே இப்படித் துண்டித்தால் செல்கள் சமமாக இல்லை என்று பொருள். சார்ஜை 55.2-க்குக் குறைத்துச் சில நாள் முழு சார்ஜில் வைத்திருங்கள். செல்களைச் சமப்படுத்தும் பேலன்சர் மிகச் சிறிய கரண்டில் வேலை செய்வதால் பொறுமை வேண்டும்.

100 ஆம்பியர் பிஎம்எஸ் என்றால் உச்சம் 5 கிலோவாட். பெரிய மோட்டார் கிளம்பும் நொடியில் ட்ரிப் ஆகலாம். முதல் இணைப்பில் தீப்பொறி பறப்பதும் பிஎம்எஸ் அணைவதும் இன்வெர்ட்டர் கெபாசிட்டர் சட்டென்று கரண்ட் இழுப்பதால். சில விநாடி ஒரு ரெசிஸ்டர் வழியாக இணைத்துவிட்டுப் பிறகு நேரடியாக இணைக்க வேண்டும். 35 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள், டிசி-க்கென்றே செய்த பியூஸ் போடுங்கள். ஏசி பிரேக்கர் இங்கே ஆபத்து, டிசி தீப்பொறியை அதனால் அணைக்க முடியாது.

கிரிட் சார்ஜ், அதாவது மின்கட்டமைப்பிலிருந்து பேட்டரியை நிரப்பும் செட்டிங்கைத் தவறாமல் பாருங்கள். இரவில் கிரிட்டிலிருந்து நிரம்பிய பேட்டரியில் மறுநாள் வெயிலுக்கு இடமிருக்காது. வாங்கிய நோக்கமே அங்கு கெட்டுவிடும். மின்தடை அதிகமில்லாத இடத்தில் அதை அணைத்து, அவசரத்துக்கு 20 சதவீதம் மட்டும் ஒதுக்கினால் போதும்.