பன்றிக்குட்டிக்குக் காயடிப்பு: மயக்க வாயுவா, மரப்பு ஊசியா, தடுப்பூசியா?

வளர்ந்த ஆண்பன்றிகள் சிலவற்றின் இறைச்சியைச் சூடாக்கினால் மூத்திர வாடையும் மல வாடையும் வரும். ஆண்ட்ரோஸ்டினோன், ஸ்கேட்டோல் என்ற இரண்டு பொருட்கள்தான் காரணம். இதற்காகவே பிறந்த முதல் வாரத்தில் குட்டிகளுக்குக் காயடிக்கிறார்கள், அதுவும் நல்ல நினைவோடு இருக்கும்போதே. இப்படி மயக்காமல் காயடிப்பதை ஜெர்மனி 2021 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2019இலேயே வந்திருக்க வேண்டிய தடை, இரண்டு வருடம் தள்ளிப்போனது.

வலி மருந்து மட்டும் போதும் என்பவர்களிடம் எனக்குச் சண்டையே உண்டு. மெலாக்சிகாம் என்ற வலி மருந்து அறுத்த பிறகு வரும் வீக்கத்தையும் வலியையும் குறைக்கும், ஆனால் கத்தி படும் நொடியில் அது உதவாது.

ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு நேர் எதிர். குட்டியை மல்லாக்கப் படுக்க வைத்து மூக்கை முகமூடிக்குள் நுழைத்து, ஒரு நிமிடத்துக்கும் மேல் காத்திருந்து, குளம்புகளுக்கு நடுவே கிள்ளிப் பார்ப்பார்கள். காலை இழுத்தால் இன்னும் மயங்கவில்லை என்று அர்த்தம், கத்தியை எடுக்கக் கூடாது. அறுக்கும்போது நினைவு இருக்காது, சரி. ஆனால் விழித்ததும் வலி அப்படியே இருக்கும் என்பதால் மெலாக்சிகாமை முன்கூட்டியே போட்டாக வேண்டும். வாயு கசிந்தால் வேலை செய்பவருக்குத் தலைவலி வேறு. வாயுவுக்குப் பதில் கெட்டமின், அசாபெரோன் என்ற மருந்துகளை ஊசியாகப் போட்டு மயக்குவதற்குக் கால்நடை மருத்துவர் வர வேண்டும், குட்டியும் மணிக்கணக்கில் பால் குடிக்காமல் குளிரில் கிடக்கும்.

ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் அறுக்கும் இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கும் மரப்பு ஊசி போடுகிறார்கள். மலிவு, எளிது. ஆனால் அந்த இடத்தில் ஊசி குத்துவதே வலிதான், மரத்துப்போவதும் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரே மாதிரி இருக்காது. வலி முழுதாக நீங்க வேண்டும் என்று கேட்கும் ஜெர்மன் சட்டத்துக்கு இது போதவில்லை.

காயடிக்காமலே வளர்ப்பது பிரிட்டனிலும் ஸ்பெயினிலும் பரவலாக உண்டு. ஆனால் கடாக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், சண்டை போடும், காயம் படும். இறைச்சிக்கூடத்தில் கொழுப்பைச் சூடாக்கி முகர்ந்து பார்க்க ஆள் வைக்க வேண்டியும் வரலாம்.

என் ஓட்டு தடுப்பூசிக்குத்தான். இம்ப்ரோவாக் என்ற தடுப்பூசி இரண்டு தடவை, குறைந்தது நான்கு வாரம் இடைவெளி, இரண்டாவதை வெட்டுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் முன்பு போட வேண்டும். விரையை இயக்கும் மூளைச் சுரப்புக்கு எதிராக உடலே எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது, வாடையும் போய்விடும், சண்டையும் குறையும். ஹார்மோன் ஊசி என்று பயப்படுகிறவர்கள் உண்டு, ஆனால் இது ஹார்மோன் இல்லை. ஊசி போடுபவர் தவறித் தன்னையே குத்திக்கொண்டால்தான் ஆபத்து, அதனால்தான் பாதுகாப்புள்ள சிறப்பு ஊசிக்கருவி. இந்த இறைச்சியை வாங்கத் தயங்கும் வியாபாரிகள் இருக்கும்வரை, பண்ணைக்காரர் கத்தியைத் தேடுவதற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது.