மணியின் கிட்னி டெஸ்டும் எங்கள் பக்கத்துக் கிளினிக்கும்

எங்கள் மணி லாப்ரடார், 11 வயது. தண்ணீர் நிறையக் குடிக்கிறான், ராத்திரி சிறுநீருக்கு எழுப்புகிறான் என்று கோவையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். வயதான நாய் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த இடத்தைச் சொல்வேன். ரத்தத்தோடு சிறுநீரையும் கட்டாயம் கேட்டு வாங்கினார்கள்.

ரிப்போர்ட்டில் கிரியேட்டினின், அதாவது கிட்னி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, 1.5. லேப் போட்டிருந்த நார்மல் அளவு 1.8 வரை. பார்த்ததும் எனக்கு நிம்மதி. டாக்டர் விடவில்லை. "நம்பரை மட்டும் பார்க்காதீங்கம்மா, அவன் தொடையையும் பாருங்க" என்றார். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. மெலிந்த நாய்க்கு அது குறைவாகத்தான் காட்டும். அதோடு, கிட்னியின் வேலையில் முக்கால்வாசி போன பிறகுதான் பெரும்பாலும் அது நார்மலைத் தாண்டும். ஐரிஸ் என்ற சர்வதேசக் குழுவின் வரையறைப்படி நாய்களுக்குக் கிரியேட்டினின் 1.4 முதல் 2.8 வரை இருந்தால் கிட்னி நோயின் இரண்டாம் நிலை. எஸ்.டி.எம்.ஏ என்ற இன்னொரு கிட்னி ரத்த டெஸ்டைத் தசை அவ்வளவாகப் பாதிக்காது. 14 வரை இருக்கலாம், மணிக்கு 19. சிறுநீரின் அடர்த்தி 1.014. நல்ல கிட்னி உள்ள நாய்க்கு அது பெரும்பாலும் 1.030க்கு மேல் இருக்குமாம். மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் மணியின் கிட்னி பாதித்திருப்பது புரிந்தது.

கிட்னி வெளியேற்றும் இன்னொரு கழிவான யூரியாவும் ரத்தத்தில் கொஞ்சம் ஏறியிருந்தது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கறி சாப்பிட்டாலும், உடம்பில் நீர் குறைந்தாலும், குடலில் ரத்தம் கசிந்தாலும் அது கூடும். அதனால்தான் வெறும் வயிற்றோடு, ஆனால் தண்ணீரை நிறுத்தாமல் கூட்டிவரச் சொன்னார்கள். ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாமல், இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை எடுத்து, ரத்த அழுத்தமும் பார்த்தார்கள். அப்புறம்தான் பாஸ்பரஸ் குறைந்த உணவுக்கு மாற்றினார்கள்.

குறையும் உண்டு. எஸ்.டி.எம்.ஏவுக்கான ரத்தம் வெளி லேபுக்குப் போகிறது. ரிசல்ட் தாமதமாக வந்தது, நாமே போன் செய்து கேட்க வேண்டியிருந்தது. பில்லும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. வாட்ஸ்அப்பில் வரும் ரிப்போர்ட்டில் விளக்கம் ஒரு வரிகூட இல்லை, டாக்டரை நேரில் பார்த்தால்தான் புரியும்.

போகிறவர்கள் காலையில் முதல் சிறுநீரைச் சுத்தமான கரண்டியில் பிடித்து, மூடியுள்ள டப்பாவில் ஊற்றி உடனே கொண்டுபோங்கள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ரத்தம் கொடுத்தால் திங்கட்கிழமைதான் அனுப்புகிறார்கள்.