பச்சை ஸ்மூத்தி: விடாமல் குடித்து வந்ததில் தெரிந்துகொண்டது

பல வருடங்களாகக் காலையில் பச்சை ஸ்மூத்தி, அதாவது கீரையும் பழமும் சேர்த்து அரைத்த பானம், குடித்து வருகிறேன். இது நிலைத்ததற்கு முக்கியக் காரணம், வாயில் இழை தட்டாமல் அரைக்கும் முறை கைவந்ததுதான். எவ்வளவு சத்து இருந்தாலும், ஒவ்வொரு மடக்குக்கும் இலைத் துணுக்கு பல்லில் மாட்டினால் யாருக்கும் சீக்கிரமே அலுத்துவிடும்.

முதலில் கீரையும் தண்ணீரும் மட்டும்தான் ஜாருக்குள் போக வேண்டும். ஒருவருக்கு இரண்டு கைப்பிடி பாலக்கீரை, முக்கால் டம்ளர் தண்ணீர். கீரையை மண் போகக் கழுவி, தடித்த காம்பைக் கிள்ளிவிடுங்கள். ஒரு நிமிடம் போல மிக்ஸியை ஓடவிட்டால் மேலே நுரை கட்டி, அடியில் சீரான பச்சை நீர் நிற்கும். ஒரு ஸ்பூனை முக்கி எடுத்துப் பாருங்கள். அதன் முதுகில் துணுக்கு எதுவும் ஒட்டாமல் வழிந்தால் சரி. பழம் அப்புறம்தான். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் வாழைப்பழம் முதலில் கூழாகிக் கெட்டிப்பட்டுவிடும். இலைகள் பிளேடில் சிக்காமல் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

வாழைப்பழத்தை நன்றாகப் பழுத்த பிறகு உரித்து, துண்டு போட்டு ஃப்ரீஸரில் வைத்துவிடுவேன். ஐஸ் கட்டி போட்டால் கரைந்து நீர்த்துப்போகும். உறைந்த பழமோ குளிர்ச்சியும் தரும், கெட்டியும் தரும், கீரையின் பச்சை வாடையையும் அடக்கும். அரைப் பழம் போதும். கூட அரை ஆப்பிள். இதற்கு மேல் தேன், சர்க்கரை, பேரீச்சை என்று சேர்த்துக்கொண்டே போனால் அது இனிப்புப் பானம்தான், நிறம் மட்டும் பச்சை. வடிகட்டவும் வேண்டாம். நார்ச்சத்து சக்கையோடு போய்விடும்.

எலுமிச்சைச் சாறு அரை மூடி பிழிவது ருசிக்காக மட்டும் இல்லை. கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் எளிதில் சேராது, வைட்டமின் சி அதற்குக் கொஞ்சம் உதவும். பழம் கறுப்பதையும் புளிப்பு தள்ளிப்போடும். ஆனால் அதே புளிப்பு கீரையின் பச்சையை மெல்ல மங்கச் செய்யும் என்பதால், அரைத்ததும் குடித்துவிடுவது நல்லது. நாலைந்து பாதாமும் போடுவேன். பீட்டா கரோட்டின், வைட்டமின் கே எல்லாம் கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக உடம்பில் ஏறும்.

பெர்ரி பழங்கள் பிடித்தவர்களுக்கு ஒரு விஷயம். வாழைப்பழத்தைக் கறுக்கவைக்கும் நொதி, பெர்ரியில் உள்ள ஃப்ளவனால் என்ற சத்தையும் பாதிக்கிறது. இரண்டையும் சேர்த்து அரைத்தால் அது உடம்பில் சேர்வது வெகுவாகக் குறைகிறது என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பெர்ரி போடும் நாளில் நான் வாழைப்பழத்தைத் தொடுவதில்லை.

பலன் என்று கேட்டால், வயிறு சீராக இருக்கிறது. அதுதான் எனக்குப் பெரிய லாபம். நச்சை வெளியேற்றும் என்று சொல்வதை நம்ப வேண்டாம், அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. கீரையும் பழமும் மட்டும் என்றால் கொஞ்ச நேரத்திலேயே பசி எடுக்கும். காலை உணவாகவே குடிப்பவர்கள் ஒரு கரண்டி தயிரோ ஊறவைத்த ஓட்ஸோ சேர்த்துக்கொள்ளலாம்.

சிறுநீரகத்தில் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற பொருள் பாலக்கீரையில் அதிகம். தயிரில் உள்ள கால்சியம் அதில் ஒரு பகுதியைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும் என்றாலும், சிறுநீரகக் கல் வந்தவர்கள் இதைத் தினமும் பச்சையாகக் குடிக்கக் கூடாது. ஆக்சலேட் குறைந்த கேல் (kale) கீரைக்கோ லெட்டூஸுக்கோ மாறலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும்.

கீரை மிஞ்சினால், தண்ணீர் குறைவாக விட்டு அரைத்து ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்துவிடுங்கள். அவசரமான காலையில் நாலு கட்டி, பழம், தயிர், ஒரு சுற்று, அவ்வளவுதான்.