இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடிய காருக்கு எந்தத் தடிப்பில் ஒயில்?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் திருகோணமலையில் ஓடிய கார்கள் அனைத்துக்கும் வயது ஏறிவிட்டது. இன்றைய விலைகளைப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை இன்னும் பல ஆண்டுகள் ஓடியே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் நிற்பது 121 கொரொல்லா. அதன் 1,497 சிசி 1என்இசட்-எஃப்இ எஞ்சின் இரண்டு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. விட்ஸ், அலியன், பிரீமியோ எனப் பல கார்களின் சில வகைகளிலும் இதே எஞ்சின் வருவதால், எந்தத் தடிப்பில் ஒயில் விடுவது என்பது இந்த ஊரில் பலருக்கும் பொதுவான கேள்வி. 5டபிள்யூ-30, 20டபிள்யூ-50 இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகு, நான் 10டபிள்யூ-40 ஐத் தெரிவு செய்திருக்கிறேன்.

இந்தப் பெயர்களில் டபிள்யூவுக்கு முன்னால் வரும் முதல் எண்ணைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. அது உறைகுளிரில் எஞ்சின் சுழல்வதைப் பற்றியது. 5டபிள்யூ ஒயிலைப் பூச்சியத்துக்குக் கீழே 30 பாகையிலும், 10டபிள்யூவை 25 பாகையிலும் சோதிக்கிறார்கள். மார்கழி மழை இரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிதான நம் ஊரில் இந்த வேறுபாடு எஞ்சினுக்குத் தெரியப்போவதில்லை. நமக்கு முக்கியமானவை இரண்டு: சூடேறிய எஞ்சினில் ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கிறது என்பதும் (இரண்டாம் எண் காட்டுவது இதைத்தான்), காலையில் சாவி திருப்பியவுடன் அது எவ்வளவு விரைவாக மேலே ஏறுகிறது என்பதும்.

20டபிள்யூ-50 க்கு ஆதரவான வாதத்தைக் கராஜில் கேட்காதவர் இருக்க முடியாது: “வண்டி நல்லா ஓடிட்டுது அண்ணை, ஊரும் வெக்கை, இனித் தடிச்ச ஒயிலே விடுங்கோ.” இதன் முதற்பாதியில் நியாயம் இருக்கிறது, தேய்ந்த பாகங்களுக்கிடையே இடைவெளி கூடும்போது சற்றுத் தடித்த படலம் உதவும். ஆனால் வெக்கையைப் பற்றிய பாதியை நான் ஏற்கவில்லை. வெளியே கச்சான் காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட் ஒழுங்காக இருக்கும்வரை, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற் ஏறக்குறைய 90 பாகையில்தான் நிற்கும். ஒயிலின் சூட்டைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எஞ்சினின் வேலைப்பளுவே.

குளிர்ந்த எஞ்சினில் நிலைமை வேறு. 40 பாகையில் வழக்கமான 5டபிள்யூ-30 ஒயிலின் பிசுக்குமை, அதாவது தடிப்பின் அளவு, 60 முதல் 70 சென்ரிஸ்டோக். 20டபிள்யூ-50 இனதோ 150 ஐத் தாண்டும். நம் விடியற்காலை 27 பாகையில் இரண்டும் இன்னும் தடிக்கும், இடைவெளியும் விரியும். இந்த எஞ்சினில் ரைமிங் செயினை இறுக்கி வைக்கும் டென்ஷனரை ஒயில் அழுத்தமே தள்ளிப் பிடிக்கிறது. எஞ்சின் வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி-ஐ அமைப்பும் சிறு வலையுள்ள வால்வு ஒன்றின் வழியாக வரும் ஒயிலாலேயே இயங்குகிறது. 20டபிள்யூ-50 விட்டிருந்த காலத்தில், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் செயின் பக்கத்திலிருந்து எழும் கரகரப்பு அடங்கக் கூடுதல் நேரம் எடுத்தது. உவர்மலை ஏற்றத்தில் இழுவையும் மந்தமாகத் தெரிந்தது. உவர்மலையிலிருந்து சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வரும் குறுகிய ஓட்டங்களில் ஒயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை என்பதால், காரின் வாழ்நாளில் பெரும்பகுதி இந்த மந்தநிலையிலேயே கழிகிறது.

அப்படியானால் 5டபிள்யூ-30 இலேயே இருந்துவிடலாமே என்று கேட்கலாம். ஒயில் குடிக்காத எஞ்சினாக இருந்தால் நானும் அதையே சொல்வேன், எரிபொருளும் மிச்சம். எங்கள் காரில் அது நிற்கவில்லை, என் முடிவைத் தீர்மானித்ததும் இதுவே. இந்த எஞ்சினுக்கு ஃபில்டருடன் சேர்த்து 3.7 லீற்றர் ஒயில் போதும். கடையில் வாங்கும் கானோ 4 லீற்றர். சேர்விஸ் முடிந்ததும் கானின் அடியில் மீதியாகும் 300 மில்லிலீற்றர்தான் அடுத்த 5,000 கிலோமீற்றருக்கு நம் கையிருப்பு. 5டபிள்யூ-30 உடன் கண்டி, கொழும்பு என ஏ6 வீதியில் நீண்ட ஓட்டங்கள் போய்வந்தால், அளவுக் கம்பியில் ஒயில் மட்டம் கீழ்ப் புள்ளியை நெருங்கிவிடும். மீதி போதாமல் தனி லீற்றர் ஒன்று வாங்க நேரும். 3.7 லீற்றரில் ஒரு லீற்றர் குறைந்தால் கால்பங்குக்கு மேல் போய்விட்டது என்று பொருள். எஞ்சியிருக்கும் ஒயில் அதே அழுக்கையும் அதே சூட்டையும் தாங்கி விரைவில் கெடும், திருப்பங்களில் பம்பின் வாய்க்கு எட்டாமலும் போகலாம். எந்தத் தரம் சிறந்தது என்பதைவிட, சேர்விஸுக்குச் சேர்விஸ் மட்டத்தைப் பிடித்து வைக்கும் தரம் எது என்பதே வயதான காருக்குரிய கேள்வி. 10டபிள்யூ-40 க்கு மாறியபின் அந்த 300 மில்லிலீற்றரே போதுமானதாகிவிட்டது. காலைக் கரகரப்பும் உடனே அடங்குகிறது.

ஒயில்களுக்கு இந்த எண்களை வகுத்த எஸ்ஏஇ தரப்படுத்தலிலும் இதற்கு ஆதரவு உண்டு. 150 பாகையில், கடும் உரசலின்போது ஒயில் தாங்க வேண்டிய குறைந்தபட்சத் தடிப்பு, மில்லிபாஸ்கல்-செக்கன் அலகில், 30 தரத்துக்கு 2.9, 10டபிள்யூ-40 க்கு 3.5, 50 தரத்துக்கு 3.7. கடைகளில் கிடைக்கும் 20டபிள்யூ-50 ஒயில்கள் இந்த வரம்பைவிட நன்றாகவே மேலே நிற்கும் என்பது உண்மைதான். ஆயினும் சாதாரணப் பெற்றோல் எஞ்சினுக்குத் தேவையான கூடுதல் பாதுகாப்பில் பெரும்பகுதி 30 இலிருந்து 40 க்கு ஏறும் முதற்படியிலேயே கிடைத்துவிடுகிறது.

தரத்தை மாற்றுமுன், எஞ்சினுக்குள் சேரும் வாயுக்களை வெளியேற்றும் பிசிவி வால்வைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே கிலுகிலுவென்று சத்தம் வராவிட்டால் அது அடைத்திருக்கிறது. ஒயில் குறைவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், செலவும் சொற்பம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்து மறைந்தால், வால்வு சீல்கள் இறுகிப்போயிருக்க வாய்ப்பு அதிகம். தடித்த ஒயில் அந்தக் கசிவைக் குறைத்துக் காட்டுமே தவிர, சீலைச் சரிசெய்யாது.

10டபிள்யூ-40 க்கு ஒரு குறையும் உண்டு. மினரல் வகையில் இந்த அகன்ற வீச்சை எட்டுவதற்குச் சேர்க்கப்படும் பொலிமர்கள் ஓட்டத்தில் அறுபட்டு, ஒயில் மெல்ல இளகும். ஆகவே நான் செமி சிந்தெற்றிக் வகையையே வாங்குகிறேன். மினரல்தான் கட்டுப்படியாகும் என்பவருக்கு 15டபிள்யூ-40 நல்ல மாற்று. அதில் பொலிமர் குறைவு. என் அனுபவம் ரேர்போ இல்லாத பெற்றோல் எஞ்சினுடன் நின்றுவிடுகிறது. 0டபிள்யூ-20 கேட்கும் ஹைபிரிட் கார்களுக்கும் டீசல் வான்களுக்கும் இதை அப்படியே பொருத்தக் கூடாது. சூடான எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கும்போது ஒயில் விளக்கு மினுக்கினால், எந்தக் கானையும் வாங்குமுன் கராஜில் மீற்றர் பூட்டி அழுத்தத்தை அளந்துவிடுங்கள்.