அக்ரோபோரா திசு உரிந்தால் உடனே ‘பாக்டீரியா நோய்’ என்று மருந்து விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்

வீட்டில் ரீஃப் தொட்டி (பவளங்கள் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருப்பவர்களுக்கு, அதிலும் கிளை விட்டு வளரும் கல்பவளமான அக்ரோபோரா வளர்ப்பவர்களுக்கு, இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பவள நோய்களைக் கண்டறியத் தெரிந்தவர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, தொட்டிப் பராமரிப்பைத் தொழிலாகச் செய்துவரும் ஒருவர், என் பவளங்களின் திசுச் சேதத்துக்குத் தவறான காரணத்தைச் சொல்லி, அதற்கு மருந்தும் விற்று, ஏற்கெனவே இருந்த சேதத்தின் மேல் புதிய சேதத்தையும் உண்டாக்கிவிட்டுப் போனார். போகும்போது ‘நோய் தொற்றாத நுனிகளைக் காப்பாற்றி வைக்கிறேன்’ என்று சொல்லிச் சில கிளைகளை வெட்டி எடுத்துச் சென்றார். அந்தக் கிளைகள் அவருடைய மற்ற வாடிக்கையாளர்களின் தொட்டிகளுக்குப் போய்விட்டன என்று பின்னர் தெரியவந்ததால், இது என் வீட்டோடு முடிந்துபோகிற சங்கதியாக இல்லை. அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் வேலை செய்த விதத்தை எழுதுகிறேன், அதைக் கொண்டே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அவரை அழைத்தபோது தொட்டியின் நிலை இதுதான். இரண்டு அக்ரோபோராக்கள் நிறம் வெளுத்து வந்தன. அவற்றின் அடிப்பகுதியில், பாறையோடு ஒட்டிய இடத்திலிருந்து, திசு மெல்ல மெல்ல விலகி வெள்ளைச் சுண்ணக்கூடு தெரிந்தது. இது ஒரே இரவில் நடந்ததல்ல, வாரக்கணக்கில் நகர்ந்த சேதம். கிளைகளின் மேற்புறமும் நுனியும் ஓரளவு நன்றாகவே இருந்தன. அடிப்புறத்திலும் நிழல் விழும் பக்கத்திலும்தான் கோளாறு. மற்ற பவளங்கள், மாண்டிபோரா என்ற இன்னொரு கல்பவளம் உட்பட, எந்தக் குறையும் இல்லாமல் இருந்தன. ஒரே தண்ணீரில், ஒரே விளக்கின் கீழ், ஒரு பேரினம் மட்டும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதே யாரையும் ஒரு கணம் நின்று யோசிக்க வைத்திருக்க வேண்டும்.

அவர் யோசிக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று, கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, ‘ஆர்.டி.என்., பாக்டீரியாத் தொற்று, ஃப்ளோரிடாவில் பவளங்களை அழித்துக்கொண்டிருக்கிற அதே நோய்’ என்றார். உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டுமா என்று கேட்டேன். அனுபவம் உள்ளவர்களுக்கு அதெல்லாம் தேவையில்லை என்று சிரித்தார். புதிதாக என்ன சேர்த்தீர்கள், எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது, தொட்டியில் போடும் முன் டிப் செய்தீர்களா (பூச்சி, புழுவைக் கழற்றும் திரவத்தில் முக்கி எடுத்தீர்களா) என்ற கேள்விகளில் ஒன்றுகூட அவர் வாயிலிருந்து வரவில்லை.

அவர் சொன்ன ஒரே வாக்கியத்தில் இரண்டு தவறுகள் இருந்தன. ஆர்.டி.என். என்று நாம் சுருக்கிச் சொல்லும் வேகத் திசு அழுகலில், திசு சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கூட்டை விட்டு உரிந்து, நீரோட்டத்தில் நார் நாராக அலைந்து போய்விடும். வாரக்கணக்கில் நகர்வதை அந்தப் பெயரால் அழைக்க முடியாது. ஃப்ளோரிடா நோயோ வேறொன்று. அது 2014-இல் மயாமி அருகே முதலில் கண்டறியப்பட்டு, பிறகு கரீபியக் கடல் நெடுகப் பரவிய கல்பவளத் திசு இழப்பு நோய். மூளைப் பவளங்கள், தூண் பவளம் முதலிய இனங்களை அது கொத்துக் கொத்தாகக் கொன்றது. அதே கடலில் வாழும் மான்கொம்பு, கலைமான்கொம்பு அக்ரோபோராக்கள் அதற்கு ஆட்படுவதில்லை என்றுதான் அங்குள்ள கள வழிகாட்டிகள் கருதுகின்றன. அதாவது, என் தொட்டியில் அடிபட்டிருந்த ஒரே பேரினம் எதுவோ, அதுதான் அவர் பெயர் சொன்ன நோயிலிருந்து பெரும்பாலும் தப்பி நிற்கும் பேரினம். அங்கு அமாக்ஸிசிலின் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. ஆனால் ஒட்டிக்கொள்ளும் களிம்பில் கலந்து, புண்ணின் ஓரத்தில் மட்டும் தடவுகிறார்கள். யாரும் கடலில் பொடியைக் கொட்டுவதில்லை.

இவர் தொட்டியில் கொட்டினார். பெயரோ அளவோ காலாவதித் தேதியோ எழுதாத ஒரு சிறு பொட்டலம். என்ன மருந்து என்று கேட்டதற்கு ‘நம்முடைய சொந்தக் கலவை’ என்பதுதான் பதில். அதோடு, நோய்க்கிருமிக்கு உணவாகிறது என்று சொல்லி, பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடுத் துகள்களை ரியாக்டரில் (தொட்டித் தண்ணீர் ஊடாகப் பாயும் குடுவையில்) முழு அளவும் நிரப்பினார். பவளம் ‘பலம் பெற’, ஆல்கலினிட்டியை, அதாவது தண்ணீரின் காரத்தாங்குதிறனை, ஏற்றும் பஃபர் கரைசலையும் ஊற்றினார். அது அன்று காலை 7.6 டி.கே.ஹெச். (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு) இருந்தது, மறுநாள் 11-ஐத் தாண்டியிருந்தது. இயற்கைக் கடல்நீரில் அது ஏறத்தாழ 7 தான். ஊட்டம் குறைந்த தண்ணீரில் ஆல்கலினிட்டியை இப்படி ஏற்றினால், சுண்ணக்கூடு வளரும் வேகத்துக்குத் திசுவால் ஈடுகொடுக்க முடியாமல் கிளை நுனிகள் வெந்துபோகும் என்பது அக்ரோபோரா வளர்ப்பவர்கள் அனைவரும் அறிந்தது. என் தொட்டியிலும் அப்படியே ஆயிற்று. அதுவரை நன்றாக இருந்த நுனிகளில் திசு மெலிந்து, வெள்ளைக் கூடு ஊசிமுனையாக எட்டிப் பார்த்தது. பொட்டலம் போட்டதற்குப் பிறகு, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் கோப்பை நிறைந்து வழிந்தது. அம்மோனியா பரிசோதனைக் குழாயில், மீன்கள் விட்ட முதல் மாதத்துக்குப் பிறகு நான் பார்த்திராத பச்சை நிறம் திரும்பவும் தெரிந்தது. அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியாவுக்கும் நோய்க்கிருமிக்கும் வேறுபாடு பார்க்கிற மருந்து அது இல்லை போலும்.

நுனி வெந்ததைப் படமெடுத்து அனுப்பினேன். ‘தொற்று மேலே ஏறிவிட்டது, இன்னொரு பொட்டலம் போட வேண்டும்’ என்று பதில் வந்தது. என்னைப் பொறுத்தவரை அவருடைய வேலையில் மன்னிக்க முடியாத இடம் இதுதான். அடியிலிருந்து வாரக்கணக்கில் ஏறும் சேதமும், நுனியில் திடீரென்று தோன்றும் சேதமும் ஒரே பவளத்தில் இருந்தாலும் ஒன்றல்ல. முதலாவது அவர் வருமுன்பே இருந்தது. இரண்டாவது அவர் ஊற்றிய கரைசலால் வந்தது. இரண்டையும் ஒரே நோயின் கணக்கில் எழுதி, அதன் பேரில் மேலும் மருந்து விற்கப் பார்த்தார்.

இரண்டாவது பொட்டலத்தை மறுத்துவிட்டு, பல ஆண்டுகளாக அக்ரோபோரா வளர்த்துவரும் நண்பர் ஒருவரை வரச் சொன்னேன். அவர் நோயின் பெயர் எதையும் சொல்லவில்லை. முதலில் பம்புகளை நிறுத்தச் சொன்னார். பிறகு அடிபட்ட கிளையின் நிழல்புறத்தை உருப்பெருக்கியில் காட்டினார். மிச்சமிருந்த திசுவில், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலத்தில், வட்ட வட்டமான வெளிர் தடங்கள், ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருந்தன. திசு முழுதும் போன இடத்தில், உயிருள்ள ஓரத்துக்குச் சற்றுக் கீழே, வெறுங்கூட்டின் மேல், பழுப்பும் பொன்னிறமுமாக நெருக்கி அடுக்கிய முட்டைகள் தெரிந்தன. ஒரு வெள்ளை வாளியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, டிப் திரவம் கலந்து, கிளையை அதில் பிடித்து, ரப்பர் குமிழ் வைத்த பிழிகுழாயால் தண்ணீரைப் பீய்ச்சினார். மெழுகுத்தாளிலிருந்து கிழித்த துணுக்குகள் போல நீள்வட்டமான புழுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, ஓரம் சுருண்டு, வாளியின் அடியில் படிந்தன.

அக்ரோபோரா தின்னும் தட்டைப்புழு என்று வளர்ப்பவர்களிடையே நெடுங்காலமாகப் பேசப்பட்டுவரும் உயிர் இதுதான். 2011-இல்தான் அதற்கு முறையான அறிவியல் பெயர் கிடைத்தது. தின்ற திசுவுக்குள் வாழ்ந்த நுண்பாசியையும் ஒளிரும் புரதத்தையும் உடலுக்குள்ளேயே வைத்திருப்பதால், பவளத்தின் மேல் இருக்கும்போது அதன் நிறத்தோடு நிறமாகக் கலந்துவிடும். நல்ல வெளிச்சத்தில், ஒரு விரற்கடைத் தூரத்தில் பார்த்தாலும் தப்பிவிடும். கைப்பேசி வெளிச்சத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவருக்குத் தெரியாமல் போனது வியப்பில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொன்னதுதான் குற்றம். வாளி, டிப் திரவம், உருப்பெருக்கி ஆகிய மூன்றும் அவருடைய பையில் இருந்திருக்க வேண்டியவை.

திசு எங்கே, எந்த வேகத்தில், எந்த ஓரத்தோடு போகிறது என்பதைப் பார்க்காமல் யாராவது பெயர் சொன்னால் சந்தேகப்படுங்கள். ஒளி மிகுந்து வெளுக்கும்போது விளக்கைப் பார்த்த மேற்பரப்பு முதலில் வெளுக்கும். அப்போது திசு இன்னும் அங்கேயே இருக்கும், அதற்குள் வாழும் நுண்பாசி மட்டுமே வெளியேறியிருக்கும், பாலிப்கள் (பவளத்தின் சிறு வாய்க்கொத்துகள்) நீள்வதையும் காணலாம். திசு உண்மையிலேயே போன இடத்தில் கூட்டின் விளிம்புகள் கூர்மையாகத் தெரியும். நீல விளக்கில் அந்த இடம் ஒளிராது. சில நாளில் அதன் மேல் பாசி படரும். பக்கத்திலுள்ள கேலக்ஸியாவோ யூஃபில்லியாவோ போன்ற பவளம் இரவில் நீண்ட கொட்டும் இழைகளை வீசியிருந்தால், அதைப் பார்த்திருக்கும் ஒரு பக்கம் மட்டும் புண்ணாகும். பழுப்பு நிறக் கூழ் படர்ந்திருந்தால் அது முற்றிலும் வேறு கதை. அந்தத் துண்டை உடனே தனியாக எடுக்க வேண்டும். உப்பளவை மட்டும் அவர் சோதித்தார் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் உப்பளவு காட்டும் தம் ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யத்துக்குச் சரிசெய்தாரே தவிர, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) நிலைக்கரைசலில் சரிபார்க்கவில்லை. அப்படிச் சரிசெய்த கருவி பூஜ்யத்தில் சரியாகவும் கடல்நீர் அளவில் பிழையாகவும் காட்டக்கூடும்.

வாளியில் எடுத்த படங்களை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். புழுக்கள் தாம் வந்துபோன பிறகு வந்திருக்கும் என்றார். அவருடைய வருகைக்கு முன்பே, பழுதான அடிப்பகுதியை நெருங்கி எடுத்து அவருக்கே அனுப்பியிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அதே இடத்தில் அதே முட்டைக் கூட்டம் தெரிகிறது. அதைக் காட்டிய பிறகு பதில் நின்றுவிட்டது. பணம் வரவில்லை.

அண்மையில் பராமரிப்புக்கு வருபவர் ஒருவரிடமிருந்து, ‘நோயிலிருந்து காப்பாற்றிய நுனி’ என்ற விளக்கத்தோடு அக்ரோபோரா துண்டு வாங்கியிருந்தால், இன்றே அதை வெளியே எடுங்கள். டிப் திரவம் புழுவைக் கழற்றும், முட்டையைக் கொல்லாது. ஆகவே ஒருமுறை டிப் செய்து மீண்டும் தொட்டியில் வைத்துவிட்டால், முட்டை பொரிந்ததும் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். தண்ணீர் சூடு கூடக்கூட அது விரைவாகவும் நடக்கும். துண்டு ஒட்டியிருக்கும் அடித்தட்டையும் திசு இல்லாத கூட்டுப் பகுதியையும் முழுதாக வெட்டி எறியுங்கள். உயிருள்ள பகுதியைப் புதிய தட்டில் ஒட்டித் தனித்தொட்டியில் வையுங்கள். வாரம் ஒருமுறை, பல வாரங்களுக்கு, டிப்பையும் உருப்பெருக்கிப் பரிசோதனையையும் தொடருங்கள். அது ஏற்கெனவே மற்ற அக்ரோபோராக்களின் நடுவே இருந்திருந்தால் அவற்றையும் இதே வழியில் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் சுத்தம் செய்வதில் பயனில்லை. அவர் உங்கள் தொட்டியில் பயன்படுத்திய வெட்டுக்கத்தரியும் சுரண்டியும் என் தொட்டியிலிருந்து நேரே வந்தவையாக இருக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். வாளியில் புழு விழுந்தால் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்; என்னிடம் உள்ள படங்களோடு சேர்த்து, அவருடைய மற்ற வாடிக்கையாளர்களுக்கும் காட்ட உதவும்.